ஊரே மாறிப்போச்சாம்!

மார்கழி பிறந்தால் சென்னையில் கச்சேரி சீசனோடு சேர்ந்து இன்னொரு சீசனும் தொடங்கிவிடுகிறது. அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று போய்ச் செட்டிலான கனவான்கள் மூன்று வார லீவில் வந்து இறங்குகிறார்கள். நாலு சபாவில் உட்கார்ந்து, சபா கேன்டீனில் சாப்பிட்டு, பழைய தெருவை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு, விமானம் ஏறுவதற்குள் பத்திரிகைக்கு ஒரு கட்டுரையும் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். வருஷா வருஷம் ஆள்தான் வேறே, கட்டுரை ஒன்றேதான். ஓட்டு வீடு போய் அடுக்குமாடி வந்துவிட்டது. திண்ணை போச்சு, வேப்பமரம் போச்சு, காபியில் பழைய மணம் இல்லை, தெருவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. கடைசி வரியில் ஒரு பெருமூச்சு: 'நான் விட்டுவிட்டுப் போன ஊர் எங்கே?'

அழுதுவிட்டுப் போகட்டுமே, இதற்கு நாம் எதற்குப் பதில் சொல்லவேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். அழட்டும். ஆனால் அழுகிற சாக்கில் பத்திரத்தையும் எழுதிக்கொண்டு போகிறார்களே, அதுதான் சங்கதி. ஒரு நகரத்தின் நினைவை எவன் எழுதிவைக்கிறானோ அவன் பெயருக்கு அந்த நகரம் பட்டா ஆகிவிடுகிறது. நாளைக்கு 'பழைய சென்னை எப்படி இருந்துச்சு?' என்று கேட்கிற பிள்ளையின் கையில் நாலு மாடவீதியும் ஒரு டம்ளர் டிகிரி காபியும்தான் கிடைக்கும். வியாசர்பாடி எங்கே? கூவம் கரை எங்கே? பக்கிங்காம் கால்வாய்க் கரையில் மூன்று தலைமுறையாகக் குடிசை போட்டிருந்தவர்களின் ஞாபகம் எந்தப் பத்திரிகையில் வந்திருக்கிறது?

முதலில் அந்தச் சொல்லையே பிடிப்போம். ஊர். அவருக்கு ஊர் என்றால் பிறந்து வளர்ந்த இடம். நமக்கு? 'ஊருக்குள்ள போயிட்டு வந்துடறேன்' என்று சேரியில் சொல்லுவார்கள். அப்படியென்றால் சேரி ஊருக்குள் இல்லை. ஊர்க் கிணறு, ஊர்ப் பஞ்சாயத்து, ஊர்த் திருவிழா எதிலும் நாம் இல்லை. ஊர் வேறு சேரி வேறு என்று தமிழ் மொழியே கிழித்துவைத்த கோடு இது. ஆகவே 'ஊர் மாறிப்போச்சு' என்று அவர் சொல்லும்போது நாம் எதிர்வாதம் செய்யவேண்டியதில்லை. ஊர் மாறியிருக்கும். சேரியின் கதை என்ன என்று மட்டும் கேட்டால் போதும். அதற்குக் 'காலனி' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள்.

நான் இருப்பது திருத்தணி. முத்துசுவாமி தீட்சிதர் தமது முதல் கிருதியைப் பாடியதாகச் சொல்லப்படும் தலம். கச்சேரி கேட்க வருகிறவர்களில் பலர் ஒருநாள் கார் எடுத்துக்கொண்டு இங்கேயும் வந்துவிடுகிறார்கள். 365 படிகள் இருக்கின்றன, யார் ஏறுகிறார்கள்? மலைமேலேயே ரோடு போகிறது. சாமி பார்த்து முடித்துக் கீழே இறங்கி, அப்பா காலத்து டெபாசிட்டைப் புதுப்பிக்க எங்கள் வங்கிக்கு வருவார்கள். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நான். அப்படி வந்த ஒருவர், படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்:

'எவ்வளவு அமைதியா இருந்த ஊர் சார் இது. இப்ப கால் வைக்க இடமில்ல. யார் யாரோ வந்துட்டாங்க.'

'யார் சார் வந்தது?'

'அதான் சார், எல்லாரும்.'

எல்லாரும்! ஒட்டுமொத்தப் புலம்பலும் அந்த ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டது. எல்லாரும் வந்துவிட்டதுதான் அவருடைய துக்கம். எல்லாரும் ரயிலில் உட்காருகிறார்கள், எல்லாரும் ஓட்டலில் சாப்பிடுகிறார்கள், எல்லாரும் மலையேறுகிறார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வருவதற்கு முன்னால் இந்த 'எல்லாரும்' எங்கே நின்றார்கள்? அந்த அமைதி யாரை வெளியே நிறுத்திவைத்துக் கிடைத்த அமைதி? 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆகாமல், இடஒதுக்கீடு அங்கே நுழையாமல் இருந்திருந்தால் அவருக்கு டெபாசிட் ரசீது எழுதிக்கொடுக்கும் நாற்காலியில் நான் இல்லை. அவர் இழந்துவிட்டதாகச் சொல்லுகிற அமைதியை உடைத்ததில் எனக்கும் பங்கிருக்கிறது. அதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மாறுதல் என்றால் என்ன என்று திருத்தணிக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. இது ஆள் நகராமலே மாநிலம் மாறிய ஊர். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைக்காகப் போராடியது. 1959இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. முந்தின நாள் ராத்திரி ஆந்திரத்தில் படுத்தவர்கள் காலையில் தமிழர் மாநிலத்தில் எழுந்தார்கள். நல்லது. தாலுகா ஆபீசில் மொழி மாறியது, சட்டமன்றம் மாறியது. சேரி? அந்தப் பக்கம் மாலா, மாதிகா. இந்தப் பக்கம் பறையர், அருந்ததியர். அந்தப் பக்கம் 1985இல் காரம்சேடு, 1991இல் சுண்டூர். இந்தப் பக்கம் 1968இல் வெண்மணி, 1997இல் மேலவளவு. எல்லைக் கல்லை எங்கே நகர்த்தி நட்டாலும் ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற கல் நட்ட இடத்திலேயே நிற்கிறது. எல்லைப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தக் கல்லைப் பிடுங்க எந்தத் தமிழ்த் தேசியமும் கடப்பாரை எடுத்து வரவில்லை என்பதைத்தான் சொல்லுகிறேன்.

வெளிநாடு போன திருத்தணிக்காரர்களில் பெரிய பெயர் எது? சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். 1888இல் இங்கே பிறந்தவர், அவர் பிறந்த நாளைத்தான் ஆசிரியர் தினம் என்று நாடே கொண்டாடுகிறது. 1926இல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் இந்து வாழ்க்கை நெறி பற்றிச் சொற்பொழிவு ஆற்றினார். மறுவருஷம் அது புத்தகமாகவும் வந்தது. அதில் சாதி பற்றி வெள்ளைக்காரனுக்கு என்ன விளக்கம் கொடுத்தார்? பல இனங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் சேர்ந்து வாழ இந்தியா கண்டுபிடித்த ஏற்பாடு என்றார். தீண்டாமையை அவர் ஆதரிக்கவில்லை, இருக்கட்டும். ஏணியை வைத்துக்கொண்டு கடைசிப் படியை மட்டும் கண்டிப்பது என்ன தத்துவம்?

அதற்குப் பத்து வருஷம் முந்தியே, 1916 மே 9 அன்று, நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது இளைஞர் ஒருவர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். அகமணம்தான் சாதியின் உயிர்நாடி, பெண்ணைக் கட்டிப்போடாமல் சாதியைக் காப்பாற்ற முடியாது என்று போட்டு உடைத்தார். அவர்தான் அண்ணல் அம்பேத்கர். ஒருவர் கடல் தாண்டிப் போய்ச் சாதிக்கு விளக்கவுரை எழுதினார். இன்னொருவர் கடல் தாண்டிப் போய்ச் சாதியின் மென்னியைப் பிடித்தார். பயணம் மனிதனை விசாலமாக்கும் என்கிறார்களே, எந்த மனிதனை?

அண்ணல் திரும்பிவந்த கதையையும் சேர்த்துப் பாருங்கள். பரோடா மன்னரின் உதவித்தொகையில் 1913இல் போனவர், 1917இல் அந்த சமஸ்தானத்தில் வேலைக்குச் சேரவந்தார். சாயாஜிராவின் பரோடா அன்றைக்கு முன்னேற்றத்துக்குப் பெயர்போன நகரம். கல்லூரி, நூலகம், பெரிய பூங்கா எல்லாம் உண்டு. தங்குவதற்கு ஒரு வீடு மட்டும் இல்லை. பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயர் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து சூழ்ந்தார்கள், 'வெளியே போ' என்றார்கள். கொலம்பியாவில் படித்த மனிதர் பம்பாய் ரயிலுக்காகப் பூங்காவில் மணிக்கணக்காகக் காத்திருந்தார். அவருக்கும் 'ஊர் மாறியிருக்கிறதா?' என்ற கேள்வி இருந்திருக்கும். ஊர் தடியோடு வந்து பதில் சொன்னது. நகரம் எவ்வளவு மாறினாலும் உனக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்காதவரைக்கும் அது மாறவில்லை. இன்றைக்கும் சென்னையில் 'சைவம் மட்டும்' என்று டு-லெட் போர்டு தொங்கும் தெருவில் நடந்துபார்க்கிற நம் மாணவனுக்குத் தெரியும், அந்தப் பதினோராவது நாள் இன்னும் முடியவில்லை என்று.

சென்னைக்கே திரும்பிவந்த ஒருவரைப் பார்ப்போம். இரட்டைமலை சீனிவாசன். 1891இல் பறையர் மகாஜன சபை, 1893இல் 'பறையன்' இதழ். பிறகு தென்னாப்பிரிக்கா போய் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். 1920களின் தொடக்கத்தில் திரும்பியவர் திண்ணையைத் தேடவில்லை. 1923இல் சட்டமன்றத்துக்குள் போனார். 1924இல் பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொதுக்கட்டடம் எதிலும் எந்தச் சாதியாரும் போகலாம், புழங்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். 1930இல் அண்ணலோடு லண்டன் வட்டமேசைக்குப் போய் உட்கார்ந்தார். வெளிநாட்டிலிருந்து வந்தவன் பழைய தெருவில் நடந்துபார்ப்பது என்றால் இதுதான், அய்யா. தான் நடந்தால் போதாது, தன்னோடு எல்லாரும் நடக்க உத்தரவு வாங்கவேண்டும். நம் கட்டுரைக் கனவான் தொலைத்துவிட்டதாக அழுகிற அந்த அமைதியான தெருக்களில், 1924க்கு முன் நம் தாத்தன் காலை வைத்துவிட முடியாத தெருக்கள் எத்தனை!

கட்டுரை எழுதாமல் திரும்பியவர்களும் உண்டு, லட்சக்கணக்கில். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிரிமாவோவும் கையெழுத்துப் போட்டுப் பங்கு பிரித்தார்களே, 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று! இலங்கை மலையகத்தில் தேயிலைக்கு உரமாகிப்போன நம் சனங்கள். பிறந்தது அங்கே, பேசியது தமிழ், ரத்தம் சிந்தியது அங்கே. 'தாயகம் திரும்புங்கள்' என்று கப்பலேற்றி, மண்டபம் முகாம் வழியாக இறக்கிவிட்டார்கள். எந்தத் தாயகம்? பாட்டன் எந்தச் சேரியிலிருந்து பஞ்சம் பிழைக்க ஓடினானோ அந்தச் சேரி. அங்கே 'கள்ளத்தோணி', இங்கே 'சிலோன்காரன்'. அவர்களிடம் போய் 'ஊர் எப்படி மாறியிருக்கு?' என்று மைக் நீட்டிய பத்திரிகை எது? ஊர் திரும்புவதன் ஏக்கத்தை எழுதக்கூட டாலர் இருக்கவேண்டும் போலிருக்கிறது.

சரி, அந்தக் கனவான் அங்கே போய் எப்படி இருக்கிறார்? ஊர் மாறிவிட்டது என்று கண்ணீர் விடுகிறவர், மாறாத ஒன்றைப் பத்திரமாக மடித்துப் பெட்டியில் வைத்து எடுத்துப்போயிருக்கிறார். 2020 ஜூனில் கலிஃபோர்னியா மாநில அரசுத் துறை சிஸ்கோ நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரை, உடன் வேலைபார்த்த ஆதிக்கசாதி இந்திய மேலாளர்கள் சாதி காரணமாக ஒதுக்கினார்கள் என்பது புகார். இட ஒதுக்கீட்டில் ஐ.ஐ.டி.க்கு வந்தவர் என்பதை அமெரிக்காவிலும் தேடிப்பிடித்துச் சொன்னார்களாம். சிஸ்கோ மறுத்தது. 2023இல் அந்த இரு மேலாளர்கள் மீதிருந்த வழக்கை அரசுத் துறையே விலக்கிக்கொண்டது. வழக்கின் போக்கு எப்படியோ போகட்டும். அதே 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது, அமெரிக்காவில் முதல் நகரமாக. கலிஃபோர்னியா சட்டமன்றமும் மசோதா நிறைவேற்றியது. உடனே யார் குதித்தார்கள்? 'இங்கே சாதியே இல்லை, எங்களை அவமானப்படுத்தாதீர்கள்' என்று அங்கே வாழும் இந்து அமைப்புகள்தான். அக்டோபரில், இருக்கிற சட்டமே போதும் என்று சொல்லி ஆளுநர் மசோதாவைத் திருப்பியனுப்பினார். சாதி இல்லையென்றால் சாதிக்கு எதிரான சட்டம் யாரைக் கடிக்கும்? இல்லாத நாயைக் கட்டிப்போட எதற்கு எதிர்ப்பு?

இனி மாறிப்போன சென்னைக்கு வருவோம். மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. மாறுதலின் விலையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். நகரத்துக்கு நடுவே நீர்க்கரைகளில் இருந்த குடிசைகளைப் பிய்த்து 2000லிருந்து கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய்க் கொட்டினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். பள்ளிக்கூடம் தூரம், வேலைக்குப் போன வீடுகள் தூரம், ஆஸ்பத்திரி தூரம். மதுரையை எரித்தவள் பெயரை வைத்தது யாருடைய நகைச்சுவையோ! 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. 2022 மே மாதம், மயிலாப்பூருக்குப் பக்கத்திலேயே, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது ஒரு பெரியவர் தீக்குளித்துச் செத்தார். சபாவிலிருந்து நடந்துபோகிற தூரம். 'என் பழைய தெரு' கட்டுரைகளில் அந்தத் தெரு வந்ததாக எனக்குத் தெரியவில்லை. அடுக்குமாடி வந்தது, மலக்குழி பெருத்தது. 2013லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் சாகிறவன் எந்தத் தெருக்காரன் என்பதில் மட்டும் எந்த நவீனமும் நுழையவில்லை.

அவருடைய டிசம்பருக்குப் பக்கத்தில் நம் டிசம்பரையும் வைப்போம். டிசம்பர் 6 அண்ணல் மறைந்த நாள். டிசம்பர் 25, 1927இல் மகத் நகரில் மனுஸ்மிருதியை எரித்த நாள். அதே டிசம்பர் 25, 1968இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்த நாள். 2022 டிசம்பர் 26, கச்சேரிகள் களைகட்டியிருந்த நேரம், புதுக்கோட்டை வேங்கைவயலில் நம் சனங்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. விசாரிக்கப் போன இடத்தில் இரட்டைக் குவளையும் கோயில் தடையும் வெளியே வந்தன. 2025 ஜனவரியில் போலீஸ் குற்றப்பத்திரிகை போட்டது, அந்தத் தண்ணீரைக் குடித்த தெருவைச் சேர்ந்த 3 பேர் மீதே! மூன்று வார லீவில் வந்தவருக்கு இதெல்லாம் தட்டுப்படவில்லை. காபியின் மணம் குறைந்தது மட்டும் மூக்கில் ஏறிவிட்டது.

அப்படியானால் ஏக்கமே கூடாதா, தலித்துக்கு ஊர் ஞாபகம் வராதா என்று கேட்பீர்கள். ஏன் வராது? எங்கள் வங்கிக்கு மாதாமாதம் ஒரு கிழவி வருவாள், மகன் குவைத்தில். 'பணம் வந்துச்சா நைனா' என்று கேட்டுவிட்டு அடுத்த வாய்க்கே 'வரமாட்டேங்கறான் நைனா, வந்தா இங்க இன்னா வேல இருக்குதுன்றான்' என்பாள். அவனுக்கும் அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட ஆசை இருக்கும். அவன் ஏங்குவது மனிதர்களுக்காக. ஊரின் பழைய ஒழுங்கு திரும்பிவரவேண்டுமென்று அவன் ஏங்கமாட்டான். கிராமத்தை இந்தியாவின் ஆன்மா என்று எல்லாரும் உருகிக்கொண்டிருந்தபோது 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் நின்று அண்ணல் அதைக் குறுகிய புத்தியின் சாக்கடை என்ற பொருளில் சாடினார். தெரியாத முகங்கள் நிறைந்த ரயிலும், பேர் கேட்காமல் சோறு போடும் ஓட்டலும் நமக்குக் கிடைத்த விடுதலையில் ஒரு பங்கு. அந்த முகங்களைப் பார்த்துத்தான் அவர் ஊர் கெட்டுப்போச்சு என்கிறார்.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களில் சிலர் நாளைக்கு வெளிநாடு போகப்போகிறீர்கள். போங்கள். அதற்கும் ஒரு கதவை அடைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாட்டில் படிக்கவைக்கும் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 2022இல் புது விதி எழுதினார்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்திய சமூகம் பற்றிய ஆய்வுக்குப் பணம் இல்லை என்றார்கள். அந்த விதி 1913இல் இருந்திருந்தால்? கம்ப்யூட்டர் படி, சாதியைப் படிக்காதே. கூலிக்குப் போ, கேள்வி கேட்கப் போகாதே. விஷயம் அவ்வளவுதான்.

போகிற நம் ஆட்களிலும் சிலர் அங்கே பெயரைச் சுருக்கி, தெருவை மறைத்து, திரும்பிவரும்போது கனவானின் அதே பாட்டைப் பாடுகிறார்கள். காலனிக்குள் காரை விடாமல் மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு 'டூ மச் ட்ராஃபிக்' என்கிறார்கள். பயத்தால் மறைக்கிறவனை நான் பழிக்கமாட்டேன், பரோடாவில் அண்ணலுக்கே வேறு பெயர் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் அண்ணல் அந்தப் பெயரிலேயே காலம் தள்ளிவிடவில்லை.

ஆகவே திரும்பி வாருங்கள் தோழர்களே, கட்டுரையோடு வேண்டாம், கணக்கு நோட்டோடு வாருங்கள். சேரிக்குத் தண்ணீர் எந்தத் தொட்டியிலிருந்து வருகிறது, சுடுகாட்டுக்குப் பாதை இருக்கிறதா, பஞ்சாயத்துத் தலைவராக ஜெயித்த நம் அக்கா நாற்காலியில் உட்காருகிறாரா, மலக்குழிக்குள் யார் இறங்குகிறார், அருந்ததியர் தெருவுக்கு நம் தெருவே வழி விடுகிறதா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்கும் கோர்ட்டுக்கும் தெருவுக்கும் வாருங்கள். சீனிவாசன் அப்படித்தான் வந்தார். மாறாதது எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று முதலில் கணக்கெடுப்போம். மாறிப்போனதற்கு அழுகிறவர்கள் மூன்று வாரத்தில் போய்விடுவார்கள். நமக்கு இங்கே வேலை இருக்கிறது.